சக்கரத்தின் தலையெழுத்து

என் அக்கா மகன் கார் வாங்கினான். வேறொருவர் நாலு வருஷம் ஓட்டி அலுத்துப்போன கார்தான். ஆனால் 'பழைய கார்' என்று சொல்லிவிட்டால் அவனுக்கு முகம் கறுத்துவிடும். "ஸ்போர்ட்ஸ் செடான், மாமா!" என்று திருத்துவான். செடான் என்றால் நாலு கதவும், உள்ளே ஐந்து பேருக்கு இடமும், பின்னால் பெட்டி படுக்கை வைக்க டிக்கியும் உள்ள குடும்ப வண்டி என்பது எனக்குத் தெரியும். அதன் தலையில் 'ஸ்போர்ட்ஸ்' என்ற கிரீடம் எதற்கு என்று கேட்டேன். ஒரு சுற்று அழைத்துக்கொண்டு போனான். பார்வைக்கு வண்டி ஹைஸ்கூல் ஹெட்மாஸ்டரைப்போல் அடக்கமாகத்தான் இருந்தது. ஊர் எல்லையைத் தாண்டி அவன் காலை ஊன்றியதும், அதே ஹெட்மாஸ்டர் வேஷ்டியை வரிந்து கட்டிக்கொண்டு சிலம்பம் ஆட ஆரம்பித்துவிட்டார். அதற்கு மேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

வாங்கிய மூன்றாவது மாதம் டயர் நாலும் வழுக்கையாகிவிட்டன. பையன் என்னிடம் வந்தான். யோசனை கேட்க வந்தான் என்று நேயர்கள் நினைத்துவிடக் கூடாது. கடன் கேட்க வந்தான். டயர்க் கடையில் ஒருவர் அவனுக்கு உபதேசம் செய்து அனுப்பியிருந்தார். "இப்போது இருப்பது 205. அதற்குப் பதில் 225 போடுங்கள், சார். சக்கரத்தை மாற்ற வேண்டியதில்லை. அதே 55, அதே 16தான். அகலம் மட்டும் கொஞ்சம் கூடுதல். ரோட்டைக் கவ்விப் பிடிக்கும். வண்டிக்கும் ஒரு கம்பீரம்!"

"அந்த 55 என்பது என்னடா?" என்றேன்.

"அது டயர் நம்பர், மாமா."

"நம்பர் என்றால்?"

பையன் விழித்தான். கேட்ட எனக்கும் தெரியாது என்பதை நான் அவனிடம் சொல்லிக்கொள்ளவில்லை. கடன் கொடுக்கிறவனுக்கு அந்த அளவு கௌரவமாவது இருக்க வேண்டாமா? பணத்துக்கு ஒரு வாரம் தவணை சொல்லி அனுப்பிவிட்டுப் புத்தகங்களைப் புரட்ட உட்கார்ந்தேன். டயர் விஷயத்தில் நான் விட்டேற்றியாக இருக்க முடியாது. அதற்குக் காரணம் ஒன்று எங்கள் குடும்பத்தில் உண்டு. இடம் வரும்போது சொல்லுகிறேன்.

அவன் வண்டி டயரின் பக்கவாட்டில் பொறித்திருந்தது இது: 205/55 ஆர் 16 91 வி. இதில் 205 என்பது மில்லிமீட்டர்; டயரின் அகலம். 16 என்பது அங்குலம். உள்ளே இருக்கும் சக்கரத்தின் குறுக்களவு. 55 என்பது மில்லிமீட்டரும் அல்ல, அங்குலமும் அல்ல, சதவிகிதம். ஒரே வரியில் மூன்று ஜாதி அளவுகள்! பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் இப்படிக் கணக்கு எழுதினால் வாத்தியார் அவனைப் பெஞ்சியின்மேல் ஏற்றியிருப்பார். ஆனால் டயரில் இதை எழுதியது ஒரு கை அல்ல. பல தேசத்துக் கைகள், பல காலத்தில், ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக எழுதிவிட்டுப் போயிருக்கின்றன.

முதல் கை ஒரு ஸ்காட்லாந்துக்காரருடையது. ராபர்ட் வில்லியம் தாம்ஸன் என்பவர் 1845-ம் வருஷத்தில், தமது 23-வது வயதில், காற்றடைத்த சக்கரத்துக்குப் பேடண்ட் வாங்கினார். ரப்பர் பூசிய கித்தானால் ஒரு குழாய். அதற்குத் தோலால் ஒரு மேலுறை. 1847-ல் லண்டன் ரீஜண்ட் பார்க்கில் குதிரை வண்டிகளில் பூட்டி ஓட்டியும் காட்டினார். சத்தமில்லாமல் வண்டி உருண்டது. பார்த்தவர்கள் ஆச்சரியப்பட்டார்கள், அதோடு வீட்டுக்குப் போய்விட்டார்கள். ரப்பர் அப்போது கொள்ளை விலை. மோட்டாரோ பிறக்கவே இல்லை. ஊரில் மழை பெய்வதற்கு முன்னால் குடை விற்க வந்த மனிதர் அவர்.

நாற்பத்து மூன்று வருஷம் கழித்து, பெல்பாஸ்ட் நகரத்தில் மாட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் சின்ன மகனின் மூன்று சக்கர சைக்கிள் கல் பாவிய தெருவில் படும் அவஸ்தையைப் பார்த்து, அதே காரியத்தைப் புதிதாகச் செய்தார். தாம்ஸன் என்று ஒருவர் இருந்தார் என்பதே அவருக்குத் தெரியாது. 1888-ல் பேடண்டும் கிடைத்தது. இரண்டு வருஷத்தில், "உமக்கு முன்பே ஒருவர் இதைப் பதிவு செய்துவிட்டார், உமது பேடண்ட் செல்லாது" என்று சொல்லிவிட்டார்கள். ஆனாலும் உலகம் டன்லப்பைத்தான் நினைவு வைத்துக்கொண்டது. சைக்கிள் என்ற மழை அப்போது பெய்யத் தொடங்கிவிட்டது அல்லவா?

மோட்டாருக்கு அந்த டயரைக் கொண்டுவந்தவர்கள் பிரான்ஸில் கிளர்மான்-ஃபெரான் என்ற ஊரைச் சேர்ந்த மிஷெலின் சகோதரர்கள். 1895-ல் பாரிஸிலிருந்து போர்தோ போய்த் திரும்பும் மோட்டார்ப் பந்தயத்தில், ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர் தூரம், காற்றடைத்த டயரில் வண்டி ஓட்டினார்கள். வழியெல்லாம் டயர் வெடித்தது; வழியெல்லாம் ஒட்டுப் போட்டார்கள். கெடு நேரமெல்லாம் தாண்டி வந்து சேர்ந்தார்கள். வந்து சேர்ந்ததே பெரிய காரியம். இந்த மிஷெலின் என்ற பெயரை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். டயர் எழுத்தில் பாதிக்குமேல் அந்தக் குடும்பத்துக் கம்பெனியின் கைவரிசைதான்.

ஆதி காலத்தில் டயர் அளவு மாட்டு வண்டிச் சக்கர அளவைப்போல இருந்தது. தரையிலிருந்து உச்சி வரை எவ்வளவு உயரம் என்பதுதான் முதல் எண். பிறகு பருமன். ஹென்றி ஃபோர்டின் 'மாடல் டி' காரின் பின் டயர் 30 x 3½. முப்பது அங்குல உயரம், மூன்றரை அங்குலப் பருமன். டயர் வட்டமான குழாய் ஆகையால், பருமனை இரண்டு தடவை கழித்துவிட்டால் உள்ளே இருக்கும் இரும்பு வளையத்தின் அளவு, அதாவது 23 அங்குலம், கிடைத்துவிடும். வேடிக்கை என்னவென்றால், அதே காரின் முன் டயர் பல வருஷ காலம் 30 x 3 ஆக இருந்தது. கழித்துப் பாருங்கள், வளையம் 24 அங்குலம். முன் டயர் பின்னால் ஏறாது. பின் டயர் முன்னால் ஏறாது. நடுவழியில் டயர் வெடித்த எத்தனை ஃபோர்டு சொந்தக்காரர்கள் இந்த அரை அங்குலத்தைச் சபித்திருப்பார்களோ!

1920-களின் நடுவில் 'பலூன் டயர்' வந்தது. பருமன் அதிகம், உள்ளே காற்றழுத்தம் முன்னைப்போலப் பாதிதான். மெத்தையில் போவதுபோல் வண்டி போயிற்று. (பலூன் என்றதும் இன்னொன்று நினைவு வருகிறது. நம் திருவொற்றியூரில் 1946-ல் ஒரு கொட்டகையில் விளையாட்டுப் பலூன் செய்ய ஆரம்பித்து, 1960-களின் தொடக்கத்தில் டயர் செய்யப் போன கம்பெனிதான் எம்.ஆர்.எஃப். அந்தப் பலூனுக்கும் இந்தப் பலூனுக்கும் சம்பந்தமில்லை. இருந்தாலும் சொல்லத் தோன்றிற்று.) மாடல் டி காருக்கு வந்த பலூன் டயரின் அளவு 4.40-21. அதாவது, எழுதும் முறையே தலைகீழாகிவிட்டது. முதலில் பருமன்; பிறகு வளையம். மொத்த உயரம் எழுத்திலிருந்து மறைந்துவிட்டது.

மறைந்துவிட்டதே தவிர, மாறவில்லை. 21-உடன் 4.40-ஐ இரண்டு தடவை கூட்டினால் 29.8. பழைய முப்பதுதான்! இந்த இடத்தில் நான் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுச் சற்று யோசித்தேன். காரின் ஸ்பீடாமீட்டர் ரோட்டைப் பார்ப்பதில்லை. சக்கரம் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணி வேகத்தைச் சொல்லுகிறது. எஞ்சினும் கியரும் பல் சக்கரங்களும் எல்லாம் ஒரு குறிப்பிட்ட உயரமுள்ள டயரை நினைத்துத்தான் அமைக்கப்படுகின்றன. பிரேக்கும் அப்படியே. ஆகையால் டயரில் எதை மாற்றினாலும் அந்த மொத்த உயரத்தை மாற்றக் கூடாது. இதை எவரும் டயரில் எழுதி வைப்பதில்லை. வாங்குகிறவன் தானே கூட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் வீட்டுப் பத்மினி காரின் டயரில் 5.20-14 என்று போட்டிருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பலூன் டயர் காலத்து எழுத்து முறையேதான். அகலம் ஐந்தேகால் அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. உயரமும் ஏறத்தாழ அவ்வளவே. அகலமும் உயரமும் ஒன்று என்றால் இரண்டையும் எழுதுவானேன்? ஒன்றை எழுதினால் போதும். அந்தக் காலத்து டயர்களுக்குள்ளே நூல் அடுக்குகள் குறுக்கும் மறுக்குமாக, கயிற்றுக் கட்டில் பின்னினாற்போல், சாய்ந்து ஓடும். பக்கச் சுவர், தரையில் படும் பாகம் எல்லாம் ஒரே பின்னல். ஆகவே, வளைவில் சுவர் சாய்ந்தால் தரையில் படும் பாகமும் கூடவே முறுக்கிக்கொள்ளும்.

இந்த முறுக்கை எடுத்தவர் மரியுஸ் மினோல் என்ற மிஷெலின் தொழிலாளி. கம்பெனிக்குள் அச்சுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். எஞ்சினீயர் பட்டம் எதுவும் இல்லை. டயருக்கு எங்கே சூடேறுகிறது என்று கண்டுபிடிப்பதற்காக, பக்கச் சுவரில் இடைவெளி விட்டுக் கம்பிகளை மட்டும் நேராக ஓடவிட்டு ஒரு விசித்திர டயர் செய்தார். அதற்கு 'ஈக்கூண்டு' என்று பெயர் வைத்தார்கள். அந்தக் கூண்டிலிருந்து பிறந்ததுதான் 'ரேடியல்' டயர். நூல்கள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராக ஓடும். தரையில் படும் பாகத்துக்குக் கீழே எஃகுக் கம்பியால் ஒரு பட்டை. சுவர் எவ்வளவு வளைந்தாலும் பட்டை வளையாது, தரையை விடாது. 1946-ல் பேடண்ட், 1949-ல் விற்பனை. 'மிஷெலின் எக்ஸ்' என்று பெயர். பையன் டயரில் இருக்கும் 'ஆர்' என்ற ஒற்றை எழுத்து அதுதான்.

இடம் வரும்போது சொல்லுகிறேன் என்றேன் அல்லவா? இதுதான் இடம்.

1993-ம் வருஷம். எனக்குப் பதின்மூன்று வயது. பத்மினியின் முன் டயர் இரண்டும் தேய்ந்துவிட்டன. பின் டயர்கள் இன்னும் ஒரு வருஷம் வரும். கடையில், "ரேடியல் வந்திருக்கிறது, சார். நாலும் வாங்க வேண்டியதில்லை. இரண்டு வாங்கி முன்னால் போட்டுக்கொள்ளுங்கள், ஸ்டியரிங் அபாரமாகப் பிடிக்கும்" என்றார்கள். மாதக் கடைசி. இரண்டு என்று கேட்டதும் அப்பாவுக்கு நிம்மதி. வீட்டுக்கு வந்து, "வண்டி சொன்னபடி கேட்கிறது!" என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னார். கேட்கத்தான் கேட்டது, ஐப்பசி மாதத்து முதல் மழை வரையில்.

வத்தலக்குண்டு சாலையில் ஒரு வளைவு. அப்பா எப்போதும்போல்தான் திருப்பினார். வேகமும் இல்லை. வண்டியின் பின்பக்கத்தை யாரோ வாலைப் பிடித்துச் சுழற்றினாற்போல் இருந்தது. ஒரு புளிய மரம் ஜன்னலுக்கு வெளியே குறுக்கே ஓடி வந்ததைப் பார்த்தேன். அம்மாவுக்குக் காறையெலும்பு முறிந்தது. எனக்கும் அக்காவுக்கும் சிராய்ப்பு. அப்பாவுக்கு ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்று நாங்கள் நினைத்தோம். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து தம் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். "கை தவறிவிட்டது" என்றார். பொங்கலுக்குள் வண்டியை விற்றுவிட்டார். அப்போது அவருக்கு நாற்பத்தேழு வயது. அதற்கப்புறம் 2011-ல் காலமாகும் வரையில் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. யாருடைய காரில் ஏறினாலும் பின் ஆசனத்தில், டிரைவருக்கு நேர் பின்னால், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வருவார்.

முன்னால் ரேடியலும் பின்னால் பழைய குறுக்குப் பின்னல் டயரும் போடுவதைப் பிரிட்டனில் சட்டமே தடுத்திருக்கிறது என்று இப்போதுதான் படித்தேன். காரணம் சுலபம். வளைவில் முன் சக்கரம் தரையை இறுகப் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறது. பின் சக்கரத்துக்கு அந்தப் பிடி கிடையாது. அது வெளியே வழுக்கிக்கொண்டு போகிறது. தரை உலர்ந்திருக்கும் வரையில் வித்தியாசம் தெரியாது, ஈரத்தில் தெரியும். இரண்டு ரேடியல்தான் வாங்க முடியும் என்றால் அவற்றைப் பின்னாலாவது போட்டிருக்க வேண்டும். எங்கள் பத்மினிக்கு நேர்ந்தது இதுதான் என்று கோர்ட்டில் நிரூபிக்க என்னால் முடியாது. வண்டியும் இல்லை, சாலையை அகலப்படுத்தியபோது அந்த மரமும் போய்விட்டது. ஆனால் அந்தப் பக்கத்தைப் படித்தபின் அன்றைக்கு மேற்கொண்டு நான் படிக்கவில்லை.

மறுநாள் தொடர்ந்தேன். மிஷெலின்காரர்கள் தங்கள் ரேடியலுக்கு அளவு எழுதியபோது, பிரெஞ்சுக்காரர்கள் அல்லவா, எல்லாவற்றையும் மில்லிமீட்டரிலேயே எழுதினார்கள். சித்ரோயனுக்கும், 1950-ல் இத்தாலியில் வந்த லான்சியா அவுரேலியாவுக்கும் 165-400 என்ற அளவு. அகலமும் மில்லிமீட்டர், வளையமும் மில்லிமீட்டர். சுத்தமான கணக்கு. ஆனால் உலகத்தில் ஓடிக்கொண்டிருந்த பெரும்பாலான சக்கரங்கள் அங்குலத்தில் செய்தவை. சக்கரத்தை எல்லாம் மாற்றச் சொன்னால் யார் கேட்பார்கள்? ஆகவே டயரின் அகலத்தை மில்லிமீட்டரிலும் வளையத்தை அங்குலத்திலும் எழுதும் கலப்புக் கல்யாணம் நடந்தது. 165-15, 185-15 என்றெல்லாம் குழந்தைகள் பிறந்தன.

இதற்குள் ஸ்போர்ட்ஸ் செடான் என்ற ஜாதியும் பிறந்துவிட்டது. 1959-ல் வந்த ஜாகுவார் மார்க் 2 இதற்கு நல்ல உதாரணம். உள்ளே வால்நட் மரப் பலகையும் தோல் ஆசனமுமாக ஒரு கனவான் வீட்டு வரவேற்பறை, முன்னால் 3.8 லிட்டர் எஞ்சின். மணிக்கு 200 கிலோமீட்டர் வேகம். இங்கிலாந்தில் போலீஸ்காரர்களும் இதை வாங்கினார்கள். பாங்கிக் கொள்ளைக்காரர்களும் இதையே விரும்பித் திருடினார்கள். ஒரு காருக்கு இதைவிட நல்ல நற்சாட்சிப் பத்திரம் கிடையாது. அந்த வேகத்தையும் தாங்கியது 6.40-15 என்ற பழங்கால அளவுள்ள டயர்தான். குடும்ப வண்டி இவ்வளவு வேகத்தில் போக ஆரம்பித்ததும் டயருக்கு வேக எழுத்தும் தேவைப்பட்டது. எஸ் என்றால் 180 கிலோமீட்டர், ஹெச் என்றால் 210, வி என்றால் அதற்கும் மேல். பின்னால் டி, யூ என்று சில எழுத்துக்களை இடையில் செருகினார்கள். அதனால்தான் இன்றைக்கும் ஹெச் மட்டும் தன் வரிசையை விட்டு, யூவுக்கும் விக்கும் நடுவில் நிற்கிறது. வி எழுத்துக்குப் பிற்பாடு 240 என்று எல்லை கட்டினார்கள்.

வேகம் ஏற ஏற, உயரமான பக்கச் சுவர் இடைஞ்சலாயிற்று. வளைவில் அது கள் குடித்தவன்போல் ஆடுகிறது. சுவரைக் குட்டையாக்கி டயரை அகலமாக்கினார்கள். 1960-களின் பிற்பகுதியில் உயரம் அகலத்தில் 70 சதவிகிதம். 1970-களின் நடுவில் இத்தாலியின் பிரெல்லி கம்பெனி செய்த 'பி7' டயரில் 50 சதவிகிதம். அகலமும் உயரமும் ஒன்று என்ற பழைய உறவு முறிந்துபோகவே, உயரத்தைத் தனியாக எழுதியாக வேண்டி வந்தது. பையன் டயரில் இருக்கும் 55 அந்த விவாகரத்துப் பத்திரம். அமெரிக்காக்காரர்கள் கொஞ்ச காலம் அகலத்துக்குப் பதிலாகச் சுமையைக் குறிக்கும் எழுத்தைப் போட்டு ஈ70-14 என்று எழுதிப் பார்த்தார்கள். 1970-களின் இறுதியில் அவர்களும் மில்லிமீட்டருக்கு வந்துவிட்டார்கள். அங்குலம் மட்டும் வளையத்தை விட்டுப் போகவில்லை.

அதையும் விரட்டிவிட வேண்டும் என்று மிஷெலின் 1975-ல் ஒரு பெரும் முயற்சி செய்தது. 'டி.ஆர்.எக்ஸ்.' என்ற புது டயர். அதற்கென்றே தனி வளையம். வளையத்தின் விளிம்பைத் தாழ்த்தி, சுவர் சீராக வளையும்படி செய்திருந்தார்கள். அந்த விளிம்பில் சாதாரண டயர் தவறியும் ஏறிவிடக் கூடாது. ஆகையால் வளையத்தின் அளவையே மில்லிமீட்டரில் வைத்தார்கள்: 365, 390, 415 என்று. 390 மில்லிமீட்டர் என்றால் பதினைந்து அங்குலத்துக்கு மேல், பதினாறுக்குக் கீழ். பதினைந்து ஏறாது, பதினாறு நிற்காது. டயர் நல்ல டயர் என்பதில் சந்தேகமில்லை. ஃபெராரி போட்டுக்கொண்டது, ஃபோர்டு மஸ்டாங் போட்டுக்கொண்டது. 1985-ல் பி.எம்.டபிள்யூ வெளியிட்ட முதல் எம்5, 286 குதிரைச் சக்தியுள்ள எஞ்சினைச் சாதுவான நாலு கதவு வண்டிக்குள் ஒளித்துவைத்த அந்த ஸ்போர்ட்ஸ் செடான், ஐரோப்பாவில் 220/55-390 என்ற டி.ஆர்.எக்ஸ். டயரோடுதான் விற்பனைக்கு வந்தது.

ஆனால் மற்ற டயர்க் கம்பெனிகளும் சக்கரம் செய்கிறவர்களும் அங்குலத்தை விடவில்லை. சில வருஷங்களில் டி.ஆர்.எக்ஸ். ஓய்ந்துபோயிற்று. கார்கள் ஓயவில்லையே! அருமையான வண்டி நிற்கிறது, டயர் தேய்ந்துவிட்டது, மாற்று டயர் எங்கே? இன்றும் பழங்கால வண்டிகளுக்கென்று அந்த டயரைச் செய்து தருகிறார்கள். ஆனால் விலை சாதாரண டயரைப்போலச் சில மடங்கு. ஆகவே பலர் வளையத்தையே கழற்றி வைத்துவிட்டு 16 அங்குலச் சக்கரம் போட்டு 225/50 டயர் மாட்டிக்கொள்ளுகிறார்கள். அமெரிக்காவுக்கு அனுப்பிய எம்5 கார்களுக்குக் கம்பெனியே போட்டனுப்பிய அளவு அது.

இங்கேதான் நான் மறுபடியும் பென்சிலை எடுத்தேன். அந்த வகை பி.எம்.டபிள்யூவில் எம்5-க்குக் கீழ்ப்பட்ட வண்டிகளுக்குப் போட்ட 195/70-14 டயரைக் கூட்டிப் பார்த்தேன்: மொத்த உயரம் 629 மில்லிமீட்டர். எம்5-ன் 220/55-390: 632. அமெரிக்காவுக்குப் போன 225/50-16: 631. எழுத்து எப்படி எப்படியோ மாறியிருக்கிறது. உயரம் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் அசையவில்லை. பையன் வண்டியின் 205/55-16 டயரைக் கூட்டினேன். அதுவும் 632!

தவணை சொன்ன நாளில் பையன் வந்தான். காகிதத்தை அவன் முன்னால் போட்டேன்.

"கடைக்காரர் சொன்னபடி 225/55 போட்டால் என்ன ஆகும், கணக்குப் போடு" என்றேன்.

225-ல் 55 சதவிகிதம் ஏறக்குறைய 124. இரண்டு பக்கமும் சேர்த்து 247 சொச்சம். வளையம் பதினாறு அங்குலம், அதாவது 406. மொத்தம் 654. பழையதைவிட 22 மில்லிமீட்டர் கூடுதல். அகலத்தை மட்டும் கூட்டுவதாகச் சொன்னார். அது சதவிகிதம் ஆகையால் உயரமும் சொல்லாமல் கூடிவிட்டது. ஸ்பீடாமீட்டர் தன் பழைய கணக்குப்படி 100 காட்டும்போது வண்டி நிஜத்தில் அதைவிட மூன்றரைக் கிலோமீட்டர் கூடுதலாகப் போகும். வண்டி நிறைய ஆள் ஏறி, சக்கரத்தை முழுக்கத் திருப்பினால் மட்கார்டில் உரசினாலும் உரசும்.

"அகலம்தான் வேண்டுமென்றால் 225/50" என்றேன். "அதுதான் 631."

பையன் விடவில்லை. இளரத்தம் அல்லவா? "பதினெட்டு அங்குலச் சக்கரம் போட்டு 225/40 போடலாமே, மாமா? அதைக் கூட்டுங்கள்."

கூட்டினேன். 637. உயரத்தில் குற்றம் சொல்ல இடமில்லை. ஆனால் சுவர் 113-லிருந்து 90 மில்லிமீட்டராகக் குட்டையாகிவிடுகிறது. ஜெர்மனியின் சாலைக்கு அது சரி. நம் ஊரில் வெள்ளைக்கோடு இல்லாத வேகத்தடை ஒன்று இருட்டில் வந்தால், அடியை டயர் வாங்குவதற்கு முன் வளையம் வாங்கிக்கொள்ளும். இன்னொன்றும் உண்டு. வரியின் கடைசியில் இருக்கும் 91 என்பது சுமைக் குறி. ஒரு டயர் 615 கிலோ தாங்கும் என்று அதற்குப் பொருள். 225/40-18-ல் சாதாரண ரகத்துக்கு 88 என்று போட்டிருக்கும், 560 கிலோ. நாலு டயருக்கும் சேர்த்து 220 கிலோ குறைவு. உங்கள் அம்மா, அம்மாச்சி, நான் மூவரும் ஏறுகிற எடை அது. சுமை கூடுதலாகத் தாங்கும் ரகமும் உண்டு, அதில் 92 இருக்கும். கேட்டு வாங்க வேண்டும், விலையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

விலையைக் கேட்டுவிட்டு வந்தான். அதற்கப்புறம் பதினெட்டு அங்குலத்தைப் பற்றிப் பேச்சில்லை.

கடைசியில், வண்டியில் முதலில் என்ன இருந்ததோ அதையே வாங்கினோம். 205/55 ஆர் 16 91 வி. வேறு கடை. டயரில் ஒரு மூலையில் பொறித்திருக்கும் நாலு இலக்கத்தையும் படித்துப் பார்த்தேன். முதல் இரண்டு எண் வருஷத்தில் எத்தனையாவது வாரம், அடுத்த இரண்டு எந்த வருஷம். டயரின் ஜாதகம் அது. கடைக்காரர் முதலில் உருட்டிக்கொண்டு வந்த நாலில் ஒன்று மூன்று வருஷம் கிடங்கில் படுத்துக் கிடந்தது. "தம்பி, அதை மாற்றிக் கொண்டா" என்று அவர் ஆளை அனுப்பினார். என்னை ஏதோ டயர்க் கம்பெனி இன்ஸ்பெக்டர் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. நானும் மறுக்கவில்லை.

அன்று சாயங்காலம் வண்டி வீட்டு வாசலுக்கு வந்தது. அம்மாவுக்கு இப்போது எழுபத்தாறு வயது. திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். மழைக்காலம் வந்தால் அந்தத் தோள் இன்னும் நோகிறது என்று ஒரு கையால் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, ரேடியல், குறுக்குப் பின்னல், முன்னால், பின்னால் என்று எனக்குத் தெரிந்த அளவில் எல்லாவற்றையும் சொன்னேன். "அப்பா கை தவறவில்லை, அம்மா" என்றேன்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அதைத்தான் நான் அன்றைக்கே சொன்னேன்" என்றாள். "பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான்தானே? எனக்குத் தெரியாதா? அந்த மனுஷர்தான் கேட்கவில்லை."

பிறகு எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் நின்று குனிந்து பார்த்தாள்.

"ஏண்டா, நாலும் புதுசுதானே?" என்று பேரனைக் கேட்டாள்.

"நாலும் புதுசு, அம்மாச்சி. ஒரே மாதிரி."

அம்மா முன் கதவைத் திறந்து, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, ஏறி உட்கார்ந்தாள்.